விளக்கை வாங்கிய இளவரசன்

நான் எந்த ஊரிலும் நிலைத்தவனில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு செங்கல் சூளை, லாரி, ஓட்டல் என்று அலைந்தேன். நெய்வேலிக்கு வந்தது ஒரு நண்பனுக்காக. நகரியத்தில் குப்பை அள்ளும் காண்டிராக்ட் வேலை அவனுக்கு. அதில் லீவு கிடையாது. போகிறவன் தன் இடத்தில் ஆள் விட்டுப் போகவேண்டும். விட்ட ஆள் ஓடிவிட்டால் வேலை போய்விடும். மனைவியின் பிரசவத்துக்குப் போனவன் என்னை நிறுத்திவிட்டுப் போனான். மாதம் கடந்தும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

என்னோடு வண்டி தள்ளும் அக்கா, மத்தியானம் குவார்ட்டர்ஸ் மரநிழலில் தன் போனில் ஒரு பேய்ப்படம் போடுவாள். தினம் கொஞ்சம் பார்ப்போம். காட்டுக்குள் அரண்மனை. விளக்கோடு அழுகிற ராணிப் பேய். அவளை மீட்கக் கிளம்பும் இளவரசனுக்குப் பேசும் கிளி ஒன்று வழிகாட்டும். கடைசியில் ராணி, கூந்தலை முடிந்துகொள்ளும்வரை விளக்கைப் பிடிக்கச் சொல்கிறாள். அவன் வாங்குகிறான், அது கையோடு ஒட்டிக்கொள்கிறது. அவளும் முன்பு இப்படி வந்து மாட்டிக்கொண்டவள்தான். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். கிளி அடுத்த ஆளைக் கூட்டிவர ஊர்ப்பக்கம் பறக்கிறது.

"டேய், இது நீதான்டா! உன் சிநேகிதன் இன்னும் முடி முடிஞ்சிகினு இருக்கான்" என்று அக்கா இருமல் வரும்வரை சிரித்தாள்.

"நாளைக்கே பஸ் ஏறிடுவேன்க்கா."

"ஏறு. புள்ளைக்குப் பேரு வெக்கறதுக்குள்ள அவன் வேலை பூடும்."

ஏறவில்லை.

அடுத்த வாரம் நண்பன் வந்தான், பாதி உடம்பாக. குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்றான். இத்தனை நாளும் ஆஸ்பத்திரி. போனை அங்கேயே யாரோ திருடிவிட்டார்களாம். எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி இருவரையும் பார்த்தார்.

"இவன் ஒழுங்கா வரான். இவனே இருக்கட்டும். நீ போ."

நண்பன் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"என் வேலைய நீ கேட்டியாடா?"

அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது. மேஸ்திரியிடம், "நான் இருக்கமாட்டேங்க. இப்பவே கெளம்பறேன்" என்றேன்.

"அப்ப வண்டிய யாருடா தள்றது?"

நண்பன் அதற்குள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். மேஸ்திரி எங்களைத் திட்டிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனார்.

"ஓடு, அவரு மனசு மாறப்போவுது" என்றாள் அக்கா.

மந்தாரக்குப்பத்தில் நான் தங்கியிருந்த அறையில் பையை எடுத்துக்கொண்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில்தான், குழந்தை ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது.