மலரக்கா கூட்டலாக மாற்றிய பெருக்கல்

வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பது. கைபேசியில் மூன்று தவறிய அழைப்புகள். நான்காவதைப் பரந்தன் சந்தியில் நின்று எடுத்தேன். "மலரக்கா மோசம் போயிட்டா, தம்பி. மாரடைப்பு" என்றார் அலுவலகச் சாரதி. ஸ்கந்தபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

செத்தவீட்டில் அவரை அமைதியானவர் என்றார்கள். பிழை. கூட வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அவர் சண்டைக்காரி. நான் கணினிக்காரன், அவர் கணிதப் பட்டதாரி. எங்களுக்கு ஒரே மேசை.

துணுக்காயில் குழாய்க்கிணறு கொடுக்க, எங்கள் நிறுவனத்தின் கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரு சூத்திரம் அனுப்பியது. தண்ணீர்த் தேவை, குடும்ப நிலை, காணிப் பத்திரம் மூன்றுக்கும் புள்ளியிட்டுப் பெருக்க வேண்டும். பத்திரம் இல்லையென்றால் பூச்சியம். இடப்பெயர்வில் அதைத் தொலைத்தவர்களும், மலையகத்திலிருந்து வந்து கடைசிவரை பத்திரம் கிடைக்காதவர்களும் ஒரே அடியில் வெளியே. மலரக்காவின் அப்பாவும் அப்படி வந்தவர்தான்.

"கணக்குச் சரிதானே, பிள்ளை?" என்றார் திட்டப் பொறுப்பாளர் மலரக்காவிடம்.

"கணக்குச் சரி சேர். சைபர்தான் நிக்கக்கூடாத இடத்தில நிக்குது. ஐஞ்சு பிள்ளையளோட தண்ணிக்கு அலையிறவாவும் சைபர், இஞ்ச பத்திரமில்லாம வவுனியாவில வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவரும் சைபர். திருப்பி வகுத்து ஆர் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்!"

வேறெந்த மெய்யெண்ணால் பெருக்கினாலும் வகுத்துப் பழைய எண்ணை மீட்கலாம். பூச்சியத்தால் பெருக்கினால் முடியாது. மெய்யெண்களில் பெருக்கல் நேர்மாறு இல்லாத ஒரே எண் அது. நாங்கள் சோதனைக்குப் பாடமாக்கியதை அவர் ஆட்களின்மேல் வைத்துப் பார்த்தார்.

"அப்ப சைபரை எடுத்து எறியச் சொல்லுறீரோ?"

"ஐயோ, அது என்ன பாவம் செய்தது? பெருக்காமல் கூட்டுங்கோ சேர். கூட்டினா அது ஒருத்தரையும் விழுங்காது."

"இது கொழும்பின்ர முடிவு."

"அப்ப கொழும்புக்குக் கோல் எடுங்கோ. நான் கதைக்கிறன்."

கதைத்தார். ஒரு மணித்தியாலம் விடவில்லை. சூத்திரம் கூட்டலாக மாறியது. பத்திரமில்லாத வளவுகளிலும் தண்ணீர் வந்தது. செத்தவீட்டுக்குத் துணுக்காயிலிருந்து இரண்டு உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சனம் வந்து இறங்கியதைப் பார்த்தபோது, அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த கட்டத்துக்கான சூத்திரம் நேற்று வந்தது. மறுபடியும் பெருக்கல். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தச் சண்டையை. இனிச் செய்யப்போவது:

1. திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதல் ஆளாக எழும்புவேன்.
2. பூச்சியம் விழும் குடும்பங்களைப் பெயர் பெயராக வாசிப்பேன்.
3. "இருங்கோ தம்பி" என்று உட்காரச் சொல்வார்கள். இருக்கமாட்டேன்.