ஏழு போன்களும் அணைந்த மாலை

அவள் நேர்மையானவள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அவளுக்குத்தான் இருந்தது, மற்றவர்கள்மீது.

ஏரியும் அதைச் சுற்றிய காடும் சேர்ந்த வட்டாரம் அவள் பொறுப்பு. திருட்டு வேட்டைக்காரர்கள், உரிமம் இல்லாமல் படகு விடுகிறவர்கள், மீன் முட்டையிடும் பருவத்தில் வலை போடுகிறவர்கள் எல்லாரையும் அவள்தான் பிடிக்க வேண்டும். அதற்கு அவளிடம் ஏழு ஆட்கள், இரண்டு படகுகள், ஒரு பழைய ஜீப். ஒரு மீன் துண்டுகூட ஓசியில் அவள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. "யாராவது பழம் வாங்கிட்டு வந்தாக்கூட இவ ரசீது கேப்பா" என்று கணவர் கேலி செய்வார்.

அந்த ஆண்டுப் பருவத்தில் முதல் இரண்டு சோதனைகள் வீணாயின. ஏரி பெரிது, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஆட்களில் யாரோ வாயை விடுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. உடனே ஒரு ஏற்பாடு செய்தாள். சோதனைக்கு முந்திய மாலை ஏழு பேரும் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். போன்களை அணைத்துக் கொடுக்க வேண்டும். அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் பூட்டுவாள். எல்லாரும் அங்கேயே படுத்து, விடியலில் படகேற வேண்டும். எங்கே போகிறோம் என்பதைக் கரையை விட்ட பிறகுதான் சொல்வாள்.

அதற்குப் பிறகு ஒரு வலைகூடச் சிக்கவில்லை. நாணல் புதருக்குள் படகு நுழையும்போது வலை கட்டும் முளைக்கம்புகள் நிற்கும், வலை இருக்காது. ஒருமுறை கரையில் அடுப்புச் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது.

பூட்டு பூட்டியபடி இருக்கப் பொருள் போனால், பூட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் பார்வை படகோட்டியின் முகத்தில் நின்றது. பல வருடம் அவளோடு வேலை செய்தவன். ஆனால் அவனுடைய மச்சினன் திருட்டு வலைக்காரன் என்று ஊருக்கே தெரியும். போதாக்குறைக்கு, ஒரு சோதனையன்று அவன் ஓட்டிய படகின் எஞ்சின் நடு ஏரியில் நின்றுபோனது.

அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நான் சொல்லலை மேடம்."

"அப்ப யாரு சொன்னது?"

"ஒரு தடவை எங்க போனை வாங்கி வைக்காம போய்ப் பாருங்களேன்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. போன் கையில் வேண்டும் என்று கேட்கிறவன் வேறு எதற்குக் கேட்பான்? அந்த வாக்கியத்தையும் சேர்த்து அறிக்கை எழுதினாள். விசாரணை முடியும்வரை அவனைப் படகில் ஏற்றக்கூடாது என்று உத்தரவு வந்தது. பூசணம் பிடித்த லைஃப் ஜாக்கெட்டுகளைத் துடைத்துக்கொண்டு அவன் கிடங்கில் உட்கார்ந்திருந்தான்.

ஒரு பகலில், படகுத்துறையில் வழக்கமான சோதனை. விலாங்கு என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவன் ஆறு பயணிகளோடு வந்து மாட்டினான்.

"லைஃப் ஜாக்கெட் எங்கே?"

"துவைச்சுக் காயப்போட்டிருக்கு மேடம்."

"ஆறையுமா?"

"ஒண்ணை மட்டும் துவைச்சா மத்தது கோவிச்சுக்காதா?"

"வாய் மட்டும் இல்லைன்னா உன்னை மீன் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று சொல்லி அபராதத்தை எழுதினாள்.

அவன் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னான்: "என் வாயை விடுங்க. வாயே திறக்காத மனுஷனைப் போய் கிடங்குல உக்கார வச்சிருக்கீங்களே. படகோட்டி அண்ணன் பாவம் மேடம்."

"அவன் சொல்லலைன்னா வேற யாரு சொன்னது?"

"நீங்கதான்."

அவள் பேனாவை மூடினாள்.

"திருட்டு வலை போடுறவனுங்க இப்ப என்னைச் சேத்துக்கிறதில்லை, அதான் சொல்றேன். அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லி உங்க ஏழு பேரு நம்பரையும் இந்த போர்டுல எழுதி வச்சிருக்கீங்க. சாயங்காலம் ஆனா அவனுங்க ஏழுக்கும் ஒரு ரிங் விடுவானுங்க. ஒண்ணு அணைஞ்சிருந்தா சார்ஜ் இல்லைன்னு அர்த்தம். ஏழும் அணைஞ்சிருந்தா வலையைச் சுருட்டணும்னு அர்த்தம். முன்னெல்லாம் நீங்க எப்ப வருவீங்களோன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கிடப்பானுங்க. இப்பதான் நிம்மதியாத் தூங்குறானுங்க."

போனை வாங்கி வைக்காமல் போய்ப் பாருங்கள் என்று படகோட்டி சொன்னது இதற்காகத்தான். அவன் காட்டிய வழியையே அவள் அவனுக்கு எதிரான சாட்சியாக எழுதி வைத்திருந்தாள்.

அன்றே மேலதிகாரியிடம் போய் அறிக்கையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ஆனால், "விலாங்கு சொன்னான்" என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? போன்களை அணைக்காமல் ஒரு சோதனை போய் வலை சிக்கினால், ஓட்டை எங்கே இருந்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். ஆதாரத்தோடு போவோம் என்று முடிவு செய்தாள். ஆயுள் முழுக்க ஆதாரத்தை நம்பியவள். கேட்பவன் ஏற்கெனவே நம்புவதைத்தான் ஆதாரம் பெரும்பாலும் அவன் காதில் சொல்லும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

சோதனைக்கு முந்திய மாலை ஆட்கள் போன்களோடு வழக்கம்போல வீட்டுக்குப் போனார்கள். போனில் கடன்காரனைச் சமாளித்தார்கள், மாமியாரிடம் திட்டு வாங்கினார்கள். விடியலில் வந்து படகேறினார்கள். நாணல் புதருக்குள் வலைகள் நீரில் கிடந்தன. நாலு பேர் பிடிபட்டார்கள். சாக்குக்குள் கால் கட்டிய நீர்ப்பறவைகள் துடித்துக்கொண்டிருந்தன. நாலு பேரில் ஒருவன் படகோட்டியின் மச்சினன்.

மேலதிகாரி எழுந்து வந்து கைகொடுத்தார். "பாத்தீங்களா? அவனைத் தூக்கினோம், இவனுங்க மாட்டினானுங்க!"

"இல்ல சார். அதனால இல்ல." போன் விவரத்தை முதலிலிருந்து சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "உங்களுக்கு இளகின மனசும்மா. கூட வேலை பாத்தவன்னு பாவம் பாக்குறீங்க."

அவளை இளகின மனசுக்காரி என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

"தப்பு என்னோடது சார். எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்தாள். கோப்பில் அதுவும் சேர்ந்தது. படகோட்டி நீக்கப்பட்ட பிறகு நடந்த முதல் சோதனையே வெற்றி பெற்றிருப்பதால் குற்றம் உறுதியாகிறது என்று விசாரணை முடிந்தது. அவனுக்கு வேலை போயிற்று. அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனாள். குறுகலான சந்து. ஜீப்பை வாசலிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. படகோட்டி எழுந்து நின்றான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

அவள் பேசத் தொடங்குவதற்குள் அவன் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "என் தம்பியைக் காட்டிக்கொடுத்ததுக்குக் கூலி கொண்டாந்தீங்களா?"

"இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சத்தியமாச் சொல்றேன்."

"ஆமா, சொல்லிருவீங்களாக்கும். துப்பு கொடுத்தவன் பேரை எந்த ஆபீசர் வெளிய சொல்லியிருக்காங்க?"

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவள் முதலில் கற்றுக்கொடுப்பதே அதைத்தான். என்ன கேட்டாலும், யார் கேட்டாலும், இல்லை என்றே சொல்ல வேண்டும். இப்போது உண்மையாகவே இல்லை என்று சொல்ல அவளிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை.

"ஆபீஸ்ல நான் வலைக்காரங்க ஆளு" என்றான் படகோட்டி. குரலில் கோபம்கூட இல்லை. "இங்க உங்க ஆளு. இனிமே நீங்க எது சொன்னாலும் எனக்குக் கெடுதல்தான் மேடம். தயவுசெஞ்சு ஜீப்பை எடுங்க. தெருவே பாத்துக்கிட்டிருக்கு."

சந்தில் திருப்ப இடமில்லை. கடைசிவரை பின்னோக்கியே ஓட்டினாள். வாசல்களில் நின்றவர்கள் ஒதுங்கி மரியாதையாக வழிவிட்டார்கள். ஜீப் எந்த வீட்டு வாசலிலிருந்து வருகிறது என்பதை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.