கீழ்த்தளத்தில் கண்மணி சொன்ன வழக்கு

கண்மணிக்கு வாய் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஃபேரர் பார்க் மார்க்கெட்டில் விடிந்தும் விடியாததுமாக இடியாப்பம் விற்கிறவள் அவள். "தேங்காய்ப்பூ இன்னும் கொஞ்சம் போடுங்களேன்" என்று யாராவது இரண்டாம் தடவை கேட்டுவிட்டால் போச்சு. "மரத்தையே கொண்டாந்து நட்டு வைக்கிறேன், ஏறிப் பறிச்சுக்குங்க லா" என்பாள். சொல்லிவிட்டு ஒரு கை அள்ளியும் போடுவாள். பாதிப் பேர் அந்த வாய்க்காக அவளிடம் வாங்கினார்கள். மீதிப் பேர் அந்த வாய்க்குப் பயந்து வேறு கடைக்குப் போகாமல் இருந்தார்கள்.

அந்த வாய் 1978 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமையோடு அடைத்துப்போயிற்று.

அவள் புருஷன் சேதுபதி, உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு மரக்கிடங்கில் ஸ்டோர் கணக்குப் பார்த்தவர். தினமும் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிற மனுஷன், அந்த வியாழக்கிழமை மட்டும் கிடங்கிலேயே படுத்துக்கொண்டார். விடிந்ததும் வேலைக்கு வந்தவர்கள் அவரைக் கத்திக்குத்தோடு பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் போலீஸ் ஒருவனைப் பிடித்தது. திருட்டுக்காக அதே கிடங்கிலிருந்து விரட்டப்பட்டவன். மறுபடியும் திருட வந்திருக்கிறான், சேதுபதி விழித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவுதான் சங்கதி.

இவ்வளவோடு விட ஊருக்கு மனசு வருமா? பத்திரிகை நாலு வரி போட்டது. அந்த நாலு வரிக்கு எங்கள் வட்டாரம் நாற்பது பக்கம் எழுதிக்கொண்டது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒலி முகம்மதுவின் சரபத் கடை, டீ ஆற்றி விற்கிற இடம். காலையில் தமிழ்ப் பேப்பர் அங்கே வந்தால் ஒருவர் உரக்க வாசிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். பேப்பரில் இல்லாததைப் பதினோராவது ஆள் சேர்ப்பார். "தினம் வீட்டுக்கு வர்ற ஆளு, அன்னிக்கு மட்டும் ஏன் அங்க படுத்தாரு?" என்று ஒருவர் கேட்க, அடுத்த வீட்டு ரத்தினம்மா வாய்க்குள்ளேயே சிரித்தாள். கண்மணி வீட்டின் பின்னறையில் வேலாயுதம் என்று ஒரு துறைமுகத் தொழிலாளி வாடகைக்கு இருந்தார். தலை நிமிர்ந்து பேசாத பிரம்மச்சாரி. ஆம்பிளை இல்லாத வீட்டில் இருப்பது சரியில்லை என்று காரியம் முடிந்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மரியாதைக்காகப் போனவர்தான், ஆனால் பாவம், அதுவே வினையாயிற்று. "ரெண்டையும் கூட்டிப் பாருங்க லா," என்றாள் ரத்தினம்மா. ஊர் கூட்டிப் பார்த்தது. கணக்கில் அப்படி ஒரு புலி எங்கள் ஊர்!

இதெல்லாம் கண்மணியின் காதுக்கு வராமல் இல்லை. வந்தது, எரிந்தது, ஆனாலும் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது ஒன்றுதான். மகள் தேவகி பேச்சை நிறுத்திவிட்டாள்.

தேவகிக்கு அப்போது பதினாலு வயது. பள்ளிக்குப் போவாள், வருவாள், போட்டதைச் சாப்பிடுவாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கேட்டதற்கு ஒரு "ம்". தாயின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பிள்ளையும் நம்பிவிட்டது என்று கண்மணி முடிவு கட்டிக்கொண்டாள். ஊர் பேசுவதைவிடப் பெற்ற பிள்ளை பேசாமல் இருப்பது அவளை அதிகம் அறுத்தது. தேவகியிடம் நேராகக் கேட்டுவிடலாம்தான். "ஆமா, நம்புறேன்" என்று அவள் சொல்லிவிட்டால்? சண்டைக்கு அஞ்சாத கண்மணி அந்த ஒரு பதிலுக்கு அஞ்சினாள்.

பத்து மாதம் கழித்து, 1979 ஜூனில், உயர்நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. முதல் நாளே கண்மணி கூண்டில் ஏறி, உடலை அடையாளம் காட்டியது தான்தான் என்று சாட்சி சொல்லி இறங்கினாள். பத்து நிமிஷ வேலை. மாலை பஸ்ஸை விட்டு இறங்கி சரபத் கடைப் பக்கம் வந்தால், அங்கே ஒரு ஆள் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறான், "கண்மணி கூண்டுலயே மயங்கி விழுந்துருச்சாம். ஜட்ஜு எந்திரிச்சு வந்து தண்ணி குடுத்தாராம்!"

கண்மணி நின்று, தான் மயங்கி விழுந்த கதையை முழுதாகக் கேட்டாள். விழுந்த மாதிரியே இருந்தது. ரத்தினம்மா அவளைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தாள்.

"கண்டுக்காத கண்மணி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?"

"மூட வேணாங்கா," என்றாள் கண்மணி. பத்து மாதத்தில் அவள் பேசிய முதல் நீளமான பேச்சு இதுதான். "திறந்தே இருக்கட்டும். அதுல என்ன போடணும்னு இனி நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் விடியற்காலை இடியாப்பம் விற்று முடித்தாள், குளித்தாள், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாட்சி சொல்லி முடித்தவள் என்பதால் பார்வையாளர் வரிசையில் உட்காரத் தடையில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றவனுக்கும் தமிழ்தான் தெரியும், அதனால் நடந்ததையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கண்மணிக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. காது மட்டும் கத்தி. மாலை ஐந்தரைக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில், சரபத் கடைப் பக்கத்துக் கல்மேசை அருகில் வந்து நின்று, "இன்னிக்கு கோர்ட்டுல நடந்தது இது. கேக்குறவங்க கேளுங்க," என்று ஆரம்பித்தாள்.

அம்மாடி! அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? தன் புருஷன் உடம்பில் எத்தனை குத்து என்று டாக்டர் சொன்னதைத் தானே சொன்னாள். சொல்லும்போது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரத்தனமாகப் பேசிய நாளில், "இன்னிக்கு அவங்க பக்கம் நல்லாப் பேசினாங்க" என்றாள். கூண்டில் நிற்கிறவனுக்கு நோயாளிப் பிள்ளை ஒன்று இருப்பதையும் சொன்னாள். "அவனுக்காக நீ ஏன்மா பேசுற?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நான் யாருக்காகவும் பேசலண்ணே. நடந்ததப் பேசுறேன்," என்றாள்.

முதல் நாள் ஐந்தாறு பேர். ஐந்தாம் நாள் வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்து உட்கார்ந்தார்கள். நாலாம் மாடிச் சீனக் கிழவர் கேட்டார் என்று அவருக்காகக் கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற பசார் மலாயில் தனியாக ஒரு சுருக்கம் சொன்னாள். ஒலி முகம்மது அந்த அரைமணி நேரம் கண்ணாடிக் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவைத்தார். காலையில் பேப்பரை வாசித்துவிட்டு யாராவது சொந்தச் சரக்கு அவிழ்த்தால், "இருங்க லா, அஞ்சரைக்குக் கண்மணி சொல்லும், அப்ப பாப்போம்" என்று மற்றவர்கள் அடக்கினார்கள். ரத்தினம்மாகூட முன்வரிசைக்கு வந்துவிட்டாள். பத்தாம் நாள் வாக்கில் அவளுக்குக் கூட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இத்தனையும் அவள் ஊருக்காகச் செய்ததாக ஊர் நினைத்துக்கொண்டது. அவள் செய்தது ஒரே ஒரு ஆளுக்காக. தேவகி கீழே வந்து உட்கார்ந்ததில்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து மாடிப்படித் திருப்பத்தில் அவள் பாவாடை நுனி தெரிந்தது. கண்மணி அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள், குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்துவாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்கிறவளைப் பிள்ளை ஒருநாள் நம்பாமலா போகும்?

வழக்கு பிறகு குற்றம் நிரூபணமாகித் தீர்ப்போடு முடிந்தது. அதைப் பேப்பரே போட்டது. கண்மணிக்குத் தீர்ப்பு அதற்கு முந்தின வாரமே, பன்னிரண்டாம் நாள் மாலை கிடைத்துவிட்டது.

அன்று எதிர்த்தரப்பு வக்கீல், சேதுபதியின் மனைவியை இன்னொரு முறை விசாரிக்க வேண்டும் என்று அனுமதி கேட்டார். கிடைத்தது. கொலைக்கு வேறு யாராவது காரணமாக இருக்கலாம் என்று கோடு காட்டுவது அவருடைய திட்டம். கண்மணி மறுபடியும் கூண்டில் ஏறினாள்.

"அந்த வியாழக்கிழமை காலையில் உங்களுக்கும் கணவருக்கும் சண்டை நடந்ததா?"

"நடந்துச்சு."

"அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

பத்து மாதமாக ஒரு உயிருக்கும் சொல்லாதது. "'இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க'ன்னு சொன்னேன்."

பின்வரிசையில் சலசலப்பு.

"எதைப் பற்றிச் சண்டை? வாடகைக்கு இருந்தவரைப் பற்றியா?"

"இல்ல."

"பிறகு எதைப் பற்றி?"

சண்டை தேவகியைப் பற்றி. இந்த வருஷத்தோடு படிப்பு போதும், எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள், போய்ச் சேரட்டும் என்றார் சேதுபதி. பிள்ளை படிப்பில் கை வைத்தால் வீட்டுப் படி ஏறாதீங்க என்றாள் கண்மணி. ரோஷக்கார மனுஷன், ஏறவில்லை. இதைக் கோர்ட்டில் சொன்னால் நாளைக்குப் பேப்பரில் வரும். மகளால் அப்பன் செத்தான் என்று ஊர் அந்தப் பிள்ளையின் தலையில் எழுதிவிடும், ஆயுசுக்கும் அது அழியாது. தன் பேர் கெட்டால் கெட்டுப் போகட்டும்.

"வீட்டு விஷயம்," என்றாள்.

வக்கீல் அதற்கு மேல் துருவவில்லை. அவருக்குப் பதில் வேண்டியதில்லை, சந்தேகம் போதும். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்மணிக்கு ஆசை வந்தது. இன்றைக்குத் தலைவலி என்று படுத்துவிடலாம். சண்டையை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லலாம். நம் புளோக்கிலிருந்து யாரும் கோர்ட்டுக்கு வரவில்லையே! ஆனால் பிள்ளை நாளைக்குப் பேப்பரில் பார்க்கும். பன்னிரண்டு நாள் சொன்னதெல்லாம் அதோடு தண்ணீரில் எழுதியதாகிவிடும். உன் அப்பாவை நான்தான் துரத்தினேன் என்று அதன் காதில் விழத்தான் வேண்டும். அது என் வாயால் விழட்டும் என்று முடிவு செய்துகொண்டு இறங்கினாள்.

ஐந்தரைக்கு முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கண்மணி சுற்றி வளைக்கவில்லை.

"இன்னிக்கு என்னையக் கூண்டுல ஏத்துனாங்க. அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. 'வீட்டுப் படி ஏறாதீங்க'ன்னு நான்தான் சொன்னேன். அதனாலதான் அவரு கிடங்குல படுத்தாரு. இது நெசம்."

ரத்தினம்மாதான் கேட்டாள். இந்த முறை அவள் குரலில் நக்கல் இல்லை, நிஜமான கவலைதான் இருந்தது. "எதுக்குச் சண்டை கண்மணி?"

"அது வீட்டு விஷயங்கா."

"பன்னெண்டு நாளா ஒன்னு விடாம சொன்னியே. இத மட்டும் விட்டா ஊரு என்ன நெனைக்கும்?"

"நெனைச்சுக்கட்டும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு ஆள் "ம்ஹும்" என்று இழுத்தார். அந்த ஓர் இழுப்பில் பழைய கதை அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. கண்மணியும் அதைக் கேட்டாள்.

"என்னையப் பத்தித்தான் சண்டை."

மாடிப்படியிலிருந்து தேவகி இறங்கி வந்தாள். பள்ளிச் சீருடைகூட மாற்றவில்லை. கூட்டம் தானாக விலகியது.

"மேல போடி," என்றாள் கண்மணி.

"ஸ்கூல நிறுத்தி ஃபேக்டரிக்கு அனுப்பணும்னு அப்பா சொன்னாரு. அம்மா விடமாட்டேன்னு சண்ட போட்டாங்க. அதான். வேற ஒன்னும் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ ஸ்கூலுக்குப் போயிட்டியே!"

"புக்க மறந்துட்டுத் திரும்பி வந்தேன். வாசல்லயே நின்னு கேட்டேன். என்னாலதான் அப்பா செத்தாரு. அதான் உங்க மூஞ்சிய பாக்க முடியலம்மா."

பத்து மாதம்! பிள்ளை தன்னைச் சந்தேகப்படுகிறது என்று கண்மணி குமைந்து கிடக்க, அது அப்பனைத் தானே கொன்றதாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. அவள் மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"அடி கூறுகெட்டவளே! பன்னெண்டு நாளா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேனே, என்னடி கேட்ட அந்தப் படியில ஒக்காந்து? கத்தி யாரு கையில இருந்துச்சு? சொல்லு!"

"அந்த ஆளு கையில."

"சத்தமா!"

"அந்த ஆளு கையில."

"உன் கையில இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

தேவகி பத்து மாதத்துக்குப் பிறகு தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்க கையிலயும் இல்லம்மா," என்றாள்.