துருவி கலியபெருமாளைக் காணப் புதுச்சேரிக்கு ஒரு நாள்

கடந்த மாசி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, ஒரு நடிகரின் முகத்தை நேரில் பார்ப்பதற்காகத் திருச்சியிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று வந்தேன். புதுச்சேரிப் பயணம் என்றதும் மஞ்சள் சுவர்களையும் காப்பிக் கடைகளையும் எதிர்பார்த்து வரும் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

அந்த நடிகர் துருவி கலியபெருமாள். பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் முகம் வந்துவிடும். நீண்ட தாடை, உதட்டை மீறி முன்னே நிற்கும் பல்வரிசை. முதல் படத்தில் கதாநாயகனின் நண்பன் அவரைத் தேங்காய்த் துருவி என்று கேலி செய்தான். அந்தக் கேலி அடுத்த படத்தின் பெயர் அட்டையில் அடைமொழியாக ஏறியது. பிறகு இறங்கவே இல்லை. நீதிமன்ற டவாலி, அடகுக்கடைக் கணக்கர், பெண் பார்க்க வந்து சிரிப்புக்கு ஆளாகும் மாப்பிள்ளை என்று நாற்பது ஆண்டுகள் ஓடின. பெரும்பாலும் இரண்டு காட்சிகள், சில நேரம் ஒன்று. பின்னர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நியாயவிலைக் கடை ஊழியராக ஆறு ஆண்டுகள் வந்தார்.

சென்ற தீபாவளியை ஒட்டி இந்த வலைப்பதிவில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதன் சாரம் இது: நமக்கெல்லாம் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அவருக்கு வாயை மூடுவது ஒரு செயல். மேலுதடு பல்லைத் தாண்டிக் கீழே இறங்கி வர வேண்டும். அவமானப்படும் பாத்திரங்களில் அவர் அந்தச் செயலை மெல்லச் செய்வார். ஒரு படத்தில், மாப்பிள்ளை வீட்டார் மகளைக் குறை சொல்லும்போது காப்பித் தட்டை ஏந்தி நிற்கிறார். வசனமில்லை. உதடு இறங்கி முடிய ஏறத்தாழ நான்கு வினாடிகள். அதற்குள் ஒரு தகப்பன் தன்னை அடக்கிக்கொள்வதை முழுமையாகப் பார்த்துவிடுகிறோம். தொடரில் மனைவி இறந்த செய்தி தொலைபேசியில் வரும்போது இதற்கு நேர்மாறு. அவர் வாயை மூட மறந்துவிடுகிறார். அந்த மறதியை நடிப்பு என்று எவரும் சொல்லவில்லை என்பதே என் குறை.

கட்டுரையைப் படித்த யாழினி என்னும் இளம் இயக்குநர் சென்னையிலிருந்து அழைத்தார். இணையத் தொடர் ஒன்றுக்காக ஒரு தகப்பன் பாத்திரத்தை எழுதிக்கொண்டிருப்பதாகவும், என் கட்டுரைக்குப் பின் அதை அந்த வாயைச் சுற்றியே திருத்தி எழுதியதாகவும் சொன்னார். எட்டுப் பகுதிகள்; எட்டிலும் மையப் பாத்திரம். கலியபெருமாளுக்கு அறுபத்து மூன்று வயது. அப்படியொரு வாய்ப்பு அவருக்கு அதுவரை வந்ததில்லை. அவரைச் சந்திக்கும்போது நானும் உடனிருக்க வேண்டும் என்று இருவருமே விரும்பினார்கள்.

திருச்சியிலிருந்து விடியற்காலை ரயிலில் விழுப்புரம் மூன்று மணி நேரம். அங்கிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் நாற்பது ரூபாய். கலியபெருமாளின் வீடு மூலக்குளத்தில். வில்லியனூரைத் தாண்டியதும், நகருக்குள் நுழையும் முன்பே அந்நிறுத்தம் வந்துவிடும். ஆனால் எல்லாப் பேருந்துகளும் அங்கே நிற்பதில்லை. ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது முறை. நான் கேட்டுக்கொண்டுதான் ஏறினேன்.

பத்தே கால் மணிக்கு இறங்கினேன். எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் காத்திருப்பதாகக் கலியபெருமாள் சொல்லியிருந்தார். அங்கே நான்கு பேர் இருந்தனர். நான் தேடி வந்த முகம் இல்லை. உயரமான, ஒல்லியான ஒருவர் கையசைத்தார். எனக்குப் பின்னால் நிற்பவருக்கு என்று எண்ணித் திரும்பிப் பார்த்தேன். அவர் சாலையைக் கடந்து வந்தார்.

"உங்களத்தான் சார். நாந்தான் கலியபெருமாள்."

குரல் அவருடையதே. முகத்தில் சீரான, சிறிய, வெண்மையான பல்வரிசை. அதன்மேல் சிரமமின்றிப் பொருந்திய உதடுகள். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் என்று எவரும் நம்பக்கூடிய, நல்ல லட்சணமான முகம். வணக்கம் சொன்னேன்.

நடந்ததை வீட்டில் அவர் மனைவி சொன்னார். சென்ற வைகாசியில் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளையின் பாட்டனார் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். குடும்பத்தில் பாதிப் பேர் பாரிசில். அவர்கள் முன் மேடையில் நிற்கும்போது எவரும் சிரித்துவிடக் கூடாது என்று கலியபெருமாள் தாமாகவே முடிவு செய்திருக்கிறார். ஈறு பலவீனம் என்று மருத்துவர் இரண்டு பற்களை எடுக்கச் சொல்ல, இவர் முன்வரிசை முழுவதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

"பொண்ணும் கேக்கல, மாப்ள வீட்லயும் கேக்கல. இவரா போயிப் புடுங்கிக்கினு வந்து நிக்கறாரு" என்றார் மனைவி.

திருமணத்தன்று வேறொன்று நடந்திருக்கிறது. பாரிசிலிருந்து வந்தவர்கள் திரைநட்சத்திரத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் ஆவலில் மண்டபமெங்கும் துருவியைத் தேடியிருக்கிறார்கள். ஒருவர் இவர் கையையே குலுக்கி, துருவி சார் எங்கே என்று கேட்டாராம். சாப்பிடப் போயிருக்கிறார் என்று இவர் பந்திப் பக்கம் கை காட்டிவிட்டார். இதைச் சொல்லிக் கலியபெருமாள் சிரித்தார். மேடையில் மகள் காதோரம் சொன்னதை மனைவி சொன்னபோது சிரிக்கவில்லை. "அப்பா, வாய மூடிக்கினு நிக்காதீங்க. யாரோ மாதிரி இருக்கீங்க."

வைகாசியில் பல் போயிற்று. ஐப்பசியில் என் கட்டுரை வந்தது.

யாழினி பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்று அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"போன்ல சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா வந்திருப்பியாம்மா?"

காப்பி வந்தது. யாழினி கெட்டிக்காரப் பெண். டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே ஒரு வழி கண்டார். பல் எடுக்கும் முன் வாயை அச்சு எடுத்திருப்பார்கள். அந்தச் சாந்து அச்சு இருந்தால் பழைய பல்வரிசையை அப்படியே செய்து, படப்பிடிப்பின்போது மட்டும் மாட்டிக்கொள்ளலாம். அச்சு எடுத்தார்களா?

"எடுத்தாங்க. தட்டாஞ்சாவடியில லேப்பு" என்றார் கலியபெருமாள்.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் அவரைப் பார்த்தார். மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் அதைப் பார்த்தேன், பொருள் புரியவில்லை.

மூலக்குளத்திலிருந்து தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். இருபது நிமிடம் ஆகிறது. வழியெல்லாம் கலியபெருமாள் உற்சாகமாக இருந்தார். பாத்திரத்தின் நடை, உடை, செருப்பின் வகை வரை யாழினியிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தத் தகப்பன் வெற்றிலை போடுவானா என்று கேட்டு, போடக் கூடாது என்று தாமே தீர்ப்பும் சொன்னார். ஓட்டுநர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துவிட்டு, "சார், உங்க கொரல எங்கியோ கேட்டாப்ல இருக்குது" என்றார்.

"ரேசன் கடையில கேட்டிருப்பீங்க" என்றார் கலியபெருமாள். ஓட்டுநருக்குப் புரியவில்லை. நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்த நாளின் நல்ல பகுதி அந்த இருபது நிமிடந்தான்.

பல் செய்யும் கூடம் ஒரு தகரப் பட்டறைக்கும் பெட்டி செய்யும் ஆலைக்கும் நடுவே இருந்தது. உரிமையாளர் அந்துவான் எங்களை உட்கார வைத்து, விசிறியைத் திருப்பிவிட்டு, விஷயத்தைக் கேட்டார். சுவர் அலமாரியில் வெள்ளைச் சாந்துத் தாடைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண். ஓராண்டு வரை எதையும் எறிவதில்லை என்பது அங்கே வழக்கமாம். அந்த வழக்கத்தைக் கேட்டு நான் நிம்மதி அடைந்தேன்.

"முசே," என்று பிரெஞ்சு மரியாதையில் அழைத்தார் அந்துவான், கலியபெருமாளைப் பார்த்து, "ஒங்களுத நீங்களே கேட்டு வாங்கிக்கினு போனீங்களே. வெள்ள டப்பால போட்டுக் குடுத்தேனே."

"தெரியும். இன்னொன்னு எடுத்து வெச்சிருப்பீங்களோன்னுதான்..."

"ஒண்ணுதான் முசே. நீங்க கேக்காம இருந்திருந்தா இதோ, இங்கதான் இருக்கும்."

அலமாரியைக் காட்டினார். எல்லாரும் அதைப் பார்த்தோம். பழைய படங்களை வைத்து ஏறத்தாழ அதுபோலச் செய்து தரலாம், இரண்டு வாரம் ஆகும் என்று அந்துவான் சொன்னார். யோசித்துச் சொல்வதாக யாழினி விடைபெற்றார். வெளியே வந்ததும் அந்த டப்பா எங்கே என்று கேட்டார். கலியபெருமாள் மற்றோர் ஆட்டோவை நிறுத்தி, வைத்திக்குப்பம் போகச் சொன்னார். அதற்கும் நூற்றைம்பது ரூபாய், நான் கொடுத்தேன்.

வைத்திக்குப்பம் நகருக்குள்ளேயே இருக்கும் மீனவர் பகுதி. கலியபெருமாள் பிறந்த இடம். மணலில் படகுகள் ஏறி நின்றன. காலை விற்பனை முடிந்து இரண்டு மூன்று கூடைகளே மிஞ்சியிருந்தன. ஒரு கூடைக்குப் பின்னாலிருந்த அம்மாள் அவரை உடனே கண்டுகொண்டார். "வாண்ணே. இந்தப் பல்லுக்கு வஞ்சிரம் குடுக்கட்டுமா, இல்ல முள்ளில்லாத மீனாத் தேடட்டுமா?"

"சோறு வடிச்ச கஞ்சி இருந்தாக் குடு" என்று சொல்லிக்கொண்டே அவர் படகுகளைத் தாண்டி நடந்தார். அலை தொடும் இடத்தில் நின்று கையைக் காட்டினார்.

"கண்ணாலத்துக்கு மொத நாளு இங்கதான் போட்டேன். சனியன் தொலைஞ்சிதுன்னு தலைய வேற முழுவிட்டுப் போனேன்."

பிறகு ஏன் எங்களைத் தட்டாஞ்சாவடி வரை அழைத்துச் சென்றீர்கள் என்று கேட்டேன். என் குரலில் கண்டிப்பு இருந்திருக்கும், உத்தியோகப் பழக்கம். நில அளவைத் துறையில் எல்லைக் கல் இல்லாத இடத்தை இருக்கிறது என்று சொல்பவர்களை நான் அப்படித்தான் கேட்பேன்.

"ஆட்டோல போற வரிக்கும் அந்த ரோல் எங்கிட்ட இருந்துச்சே சார்."

யாழினி கைபேசியை எடுத்தார். காப்பித் தட்டுக் காட்சியைச் செய்து காட்டச் சொன்னார். கலியபெருமாள் ஒரு கணம் நின்றார். இல்லாத தட்டைக் கையில் ஏந்தினார். எதிரே நின்றவர்கள் மகளைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார்கள். மேலுதடு இறங்கத் தொடங்கியது. தொலைவிலிருந்து, மெல்ல, இப்போது அங்கே இல்லாத ஒன்றைச் சுற்றிக்கொண்டு இறங்கி, கீழுதட்டைத் தொட்டது. அதே நான்கு வினாடி.

யாழினி பதிவை இரண்டு முறை பார்த்தார்.

"நமக்குத் தெரியுது சார். ஆனா புதுசாப் பாக்கறவங்களுக்கு, வாய மூட ஏன் இவ்ளோ நேரம் ஆவுதுன்னு தெரியாது."

"பொய்ப் பல்லு வெச்சா?" என்று கேட்டார் கலியபெருமாள்.

"அச்சு இல்லாம செஞ்சத வேற படத்துல வெச்சிப் பாத்துட்டேன். ஒதடு பல்ல மூடாது சார். கீழ விழுந்துடக் கூடாதேன்னு புடிச்சிக்கும்."

அவர் தலையசைத்தார். தொழில் தெரிந்தவர், வாதிடவில்லை. எதிர்வீட்டுக்காரர் பாத்திரம் ஒன்று இருக்கிறது, இரண்டு காட்சிகள் என்று யாழினி தயங்கிச் சொன்னார். அவர் சம்மதித்தார். எதிர்வீட்டுக்காரனுக்குப் பல் எப்படி இருந்தால் என்ன என்றார். யாழினி முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

திரும்பி நடக்கும்போது கலியபெருமாள் என்னிடம் மட்டும் சொன்னார்.

"நீங்க எழுதினதப் பொண்ணு போன்ல படிச்சிக் காட்னா சார். வாய மூடறதுக்குப் பேரு நடிப்புன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். அசிங்கத்த மறைக்கறேன்னுதான் இத்தினி வருசமும் நெனச்சிக்கினு இருந்தேன்."

அவரை ரசித்தவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். கண்டவுடன் சிரித்தோம், படம் எடுத்துக்கொண்டோம், இந்த முகத்தை வைத்துக்கொண்டே இவ்வளவு நன்றாக நடிக்கிறாரே என்று வியந்தோம். அந்த முகத்தால்தான் நடிக்கிறார் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்ல ஓர் அஞ்சலட்டை போதும்.

யாழினி சென்னைப் பேருந்தைப் பிடிக்கப் போனார். மாலை கலியபெருமாளும் நானும் கடற்கரைச் சாலையில் நடந்தோம். சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம். ஆறு பேரும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று குடும்பத்தலைவர் தம் கைபேசியை இவரிடம் நீட்டினார். முன்பெல்லாம் இதே சாலையில் பத்தடிக்கு ஒருவர் இவரை நிறுத்திப் படம் எடுப்பாராம். இவர் மறுக்காமல் வாங்கி, இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஓரத்தில் நின்ற பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும்; பற்கள் முன்னே நின்றன. படம் என்றதும் உதட்டை இழுத்து மூடிக்கொண்டாள். கலியபெருமாள் கைபேசியைக் கீழே இறக்கினார்.

"மூடாத கண்ணு. எனக்கு அவசரமில்ல, நீ சிரிக்கற வரிக்கும் நிக்கறேன்."

நின்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். அப்போதுதான் எடுத்தார்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. ஆட்டோ முந்தைய தெருவிலேயே இறக்கிவிடும். பேருந்து நிலையத்திலிருந்து விழுப்புரத்துக்கு இரவு வரை அடிக்கடி பேருந்து உண்டு. ஏறும் முன் ஆட்டோக் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். வைத்திக்குப்பத்தில் மீன் வாங்குவதானால் காலையில் போங்கள். கலியபெருமாளின் முகவரியைக் கேட்டு எழுத வேண்டாம், தர மாட்டேன். அவரைப் பாராட்ட விரும்புவோர் கீழே பின்னூட்டமாக எழுதலாம். மகள் அவருக்குப் படித்துக் காட்டுகிறார். நன்றாக நடித்தீர்கள் என்று பொதுவாக எழுதாமல், எந்தக் காட்சியில் முகத்தின் எந்த இடத்தைப் பார்த்தீர்கள் என்று குறிப்பாக எழுதுங்கள்.

கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு படம் எடுக்க உயரமான, ஒல்லியான பெரியவர் எவரிடமேனும் கைபேசியைக் கொடுக்க நேர்ந்தால், நன்றி சொல்லி வாங்கும் முன் அவரை ஒரு வார்த்தை பேசவிடுங்கள். குரல் மாறவில்லை.