கார்க் கொட்டகைத் தட்டு

பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் ஒரு கார்க் கொட்டகைதான் கண்முன் வந்து நிற்கிறது. இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அதை நடத்திய வெள்ளைக்காரத் துரை முதன்முதலாக மோட்டார் கார் வாங்கிய அந்த மழைக்காலத்தில் எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பதுளையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து சேர்ந்த பெட்ரோல் டின்களும் டயர்களும் இரும்புச் சாமான்களும் காருக்கென்று கட்டிய கொட்டகையில், ஈரத்தரையில் கிடந்தன. அவற்றைத் தூக்கி வைக்கத்தான், ஆனால் எதற்கென்று சொல்லாமல், சுவரில் "தட்டு" அடிக்கச் சொல்லி, தோட்டத்துக் கொல்லரான என் அப்பாவுக்கு உத்தரவு வந்தது.

வினையே அந்தச் சொல்லில்தான் வந்தது. எங்கள் தோட்டத்தில் "தட்டு" என்றால் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் மேல்மாடியில் பச்சைக்கொழுந்தை வாடப் போடும் தட்டுதான். மெல்லிய கம்பியில் சாக்குத்துணியை இழுத்துக் கட்டி, காற்று புகுந்து வர இடைவெளி விட்டிருக்கும். வருஷக்கணக்காக அதையே செய்து பழகிய அப்பா, கொட்டகையிலும் அதே மெல்லிய கம்பியில் அடித்து, சாக்குக்குப் பதிலாகத் தகரம் போட்டார். அதில் என்னதான் வைக்கப்போகிறீர்கள் என்று துரையிடம் திருப்பிக் கேட்க யாருக்குத் துணிச்சல் இருந்தது? டின்களை அடுக்கிய மறுநாளே தட்டு முறிந்து விழுந்து, புதுக் காரின் முகப்பு நசுங்கிப்போனது.

வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுங்கான தட்டு சுவரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் "பத்துச்சீட்டு". பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலையும் போச்சு, குடியிருக்கும் காம்பராவும் போச்சு. அம்மா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. கொட்டுகிற மழையில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

அப்பா பட்டறையே கதி என்று கிடந்தார். ஸ்டோரில் கழித்துப் போட்ட தடித்த இரும்புப் பட்டைகளை வெள்ளையாகக் காய்ச்சி, வெண்காரம் தூவி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அடித்து ஒட்டவைத்தார்; கொல்லர் பேச்சில் அது "பத்தவைப்பது". அப்படி முக்கோணமாகச் செய்த தாங்குகால்களின் வால் சுவரைத் துளைத்து மறுபக்கம் போய் மடங்கியது. சோறு கொண்டுபோனால் கரிக்கையோடு தின்பார், உடனே சம்மட்டியை எடுத்துவிடுவார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஞாயிறு காலை துரை வந்தார். என்ன சொல்வாரோ என்று நானும் அம்மாவும் கொட்டகை வாசலில் நின்றோம். கைத்தடியால் தட்டைக் குத்திப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அப்பா கும்பிட்ட கையை இறக்காமலே சொன்னார்:

"நம்பிக்கை இல்லாட்டி, தொர, எம் பொஞ்சாதி புள்ளயவே ஏத்தி ஒக்கார வைக்கிறேங்க."

துரை வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையும் சொல்லவில்லை. அது இன்னும் என் நெஞ்சில் எரிகிறது. அப்பா ஏணியைச் சாத்தினார். அம்மா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். என்னைத் தூக்கி அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், எங்களைச் சுற்றி டின்களை அடுக்கினார்கள். அம்மாவின் உடம்பு நடுங்கியது எனக்குத் தெரிந்தது. இரும்பு மட்டும் அசையவில்லை. துரை தலையை ஆட்டிவிட்டுப் போனார். எங்கள் காம்பரா பிழைத்தது.

லயத்துக்குத் திரும்பும் வழியில் அம்மா ஒரே தடவைதான் பேசினாள்.

"தட்டு தாங்கிருச்சுங்க. என்னாலதான் தாங்க முடியல."

அதற்குப் பிறகு "தட்டு" என்ற சொல்லே அப்பா வாயில் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட, சோற்றுத் தட்டைப் "பீங்கான எடு" என்றுதான் கேட்பார். தம்பி சுகமாகப் பிறந்தான். அவனை அம்மா கையிலிருந்து வாங்க அப்பா நெடுநாள் தயங்கினார்.

போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். துரையும் இல்லை, காரும் இல்லை, கொட்டகைக்குக் கூரையும் இல்லை. தட்டையும் யாரோ பழைய இரும்புக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தாங்குகால் துளைத்த ஓட்டைகள் மட்டும் சுவரில் இருக்கின்றன. பதுளையில் என் வீட்டில் பேரப்பிள்ளைகள் சோற்றுக்குத் "தட்டு" கேட்கிறார்கள். பீங்கான் என்று கேட்டால்தான் தருவேன் என்கிறேன். கிழவிக்குக் கிறுக்கு என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் அப்பா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு வார்த்தையில்தான்.