எலியா வரைந்த உறங்கும் பிள்ளை

பாறசாலையில் போர்டு எழுதிப் பிழைத்த எலியாவுக்குக் கண் வரைய வராது. திறந்த கண் எதை வரைந்தாலும் ஒன்று கிழக்கே பார்க்கும், மற்றது மேற்கே பார்க்கும். அதனால் அவர் வரைந்த பிள்ளைகளெல்லாம் உறங்கின. சபையில் முன்னணைக் குழந்தை இயேசு உறங்கினார். கோயிலுக்கு வரைந்த ஆலிலைக் கண்ணனும் அதே முகத்தோடு உறங்கினான். இரண்டு கூட்டத்தாரும் மெய்மறந்து நின்றார்களே தவிர, ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

பச்சைப்பிள்ளை இறந்த வீடுகளிலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து போட்டோக்காரர் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். தங்கபாயின் எட்டு மாதப் பிள்ளையையும் அவர் அப்படித்தான் வரைந்தார். அந்தப் பிள்ளைக்கு வேறு படம் கிடையாது. யார் கேட்டாலும், "பிள்ள உறங்குது" என்பாள் தங்கபாய். வேறு வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் எல்லைப் போராட்டம் சூடுபிடித்தது. தங்கபாயின் அண்ணன் ரெத்தினதாஸ், தமிழர் வாழும் தாலுகாவை மலையாள நாட்டிலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்கச் சொன்ன கட்சி. ஊர்வலத்துக்குத் தட்டி கிடைக்காமல், தங்கை வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் படத்தை எடுத்துப்போனான். 'உறங்கும் தமிழனே, விழித்தெழு' என்று அடியில் காகிதம் ஒட்டினான். தடியடி நடந்தது. விழித்தெழச் சொன்னவன் ஓடித் தப்பினான். உறங்கிய பிள்ளை போலீசில் மாட்டிக்கொண்டது.

தங்கபாய் எலியாவை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். கலகம் தூண்டும் படம், கோர்ட்டுக்குப் போகும், பிறகு எரித்துவிடுவார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். எலியாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக வரைகிறார். அவர் படத்தைக் கண்டு சர்க்கார் பயந்தது இதுதான் முதல்முறை. படத்தின் உட்பொருள் என்ன என்று கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்போதுதான் தங்கபாயின் முகத்தைப் பார்த்தார். வெட்கமாகிவிட்டது. உட்பொருள் ஒன்றுமில்லை, இறந்த பிள்ளை, அவ்வளவுதான் என்றார்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கன்னத்தில் சிவப்பு, உதட்டோரம் பால். இது உறங்குகிற பிள்ளைதானே என்றார். எலியாவுக்கு வாழ்நாளில் கிடைத்த பெரிய பாராட்டு அது. கிடைத்த இடம்தான் சரியில்லை. பெற்றவள் சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்று ஏட்டு பேனாவை எடுத்தார்.

தங்கபாய் படத்தைப் பார்த்தாள்.

"உறங்கல்ல சாரே," என்றாள். "எனக்க பிள்ள செத்துப் போச்சு."

படத்தைக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் எலியா ஆணியும் சுத்தியலுமாக அவள் வீட்டுக்குப் போனார். இனி மாட்ட வேண்டாம் என்று சொல்லி, படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள் தங்கபாய்.