ஏரிப் பக்கம் ஜன்னல் வேண்டாம் என்றார்

திருத்தணிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மலைக்குத்தான் போவார்கள். எண்பதுகளின் நடுவில் நான் முதல்முறை போனது ஓர் ஏரிக்கரைக்கு. கட்டட வரைபடம் போடும் வேலையில் சேர்ந்து அப்போது எனக்கு மூன்றாவது வருடம். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த சாயப்பட்டறையை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள், இடத்தைப் பார்த்துவிட்டு வா என்று அலுவலகத்தில் அனுப்பினார்கள்.

சென்ட்ரலிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரயில் அரக்கோணத்தில் நிற்கும்போதே எதையாவது சாப்பிட்டுவிடுங்கள். நான் சாப்பிடாமல் போய், அன்று முழுக்க எரிச்சலாக இருந்தேன். எரிச்சலுக்குப் பசி மட்டும் காரணமில்லை. ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி பிடித்தேன். ஏரிக்கரைக்கு மூன்று கிலோமீட்டர், ஐந்து ரூபாய்.

பட்டறை முதலாளி எனக்காகக் காத்திருந்தார். கரையில் எட்டு மாடியில் இரண்டு கட்டடங்கள், எல்லா பால்கனியிலிருந்தும் ஏரியும் மலையும் தெரிய வேண்டும், சென்னைக்காரர்கள் வாங்குவார்கள் என்றார். அதே கரையில், ஓரமாக, நாலு மாடியில் இன்னொன்று. அது பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு. பட்டறையை மூடும்போது அப்படி வாக்குக் கொடுத்திருந்தாராம். அதில் மட்டும் ஏரிப் பக்கம் ஜன்னல் வேண்டாம் என்றார்.

"ஏன் சார்? காத்தே அந்தப் பக்கத்துலேர்ந்துதானே வருது?"

"ஜன்னல் வச்சா துணி காயப் போடுவாங்க. லட்சக்கணக்குல குடுத்து வாங்கறவன் பால்கனியில நின்னு அதையா பாக்கணும்? ஏரியப் பாத்து இவங்க இன்னா பண்ணப் போறாங்க?"

'இவங்க' என்று அவர் கைகாட்டிய சரோஜா, இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். அந்தப் பட்டறையில் இருபது வருடம் நூலைச் சாயத்தில் முக்கி எடுத்தவர். வீடு எப்போது வரும் என்று கேட்க வந்திருந்தார். அவர் அங்கே இல்லாததுபோலவே முதலாளி பேசிவிட்டு காரில் ஏறிப் போனார்.

"பட்டறையிலயும் இந்தப் பக்கம் சுவர்தாம்மா," என்றார் சரோஜா. "ஆவி போறதுக்கு மேல ஒரு ஓட்டை, அவ்ளோதான். ஏரிய ஒட்டி வேல செஞ்சிகினு தண்ணியவே பாக்காம இருந்தோம். வீட்லயும் சுவரா?"

சென்னைக்குத் திரும்பி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஏரியைப் பார்த்து ஜன்னல் வைத்தும், துணி காய மொட்டை மாடியில் இடம் விட்டும் வரைந்தேன். முதலாளி சிவப்புப் பென்சிலால் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடித்தார். அந்தச் சுவரை நான் வரைய மாட்டேன் என்றேன். வேறொருவர் வரைந்தார். அதன்பின் அலுவலகத்தில் எனக்கு ரொம்ப நாள் கழிப்பறைகளும் காம்பவுண்டுச் சுவர்களும்தான் வரையக் கிடைத்தன.

சில வருடம் கழித்து, ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குத் திருத்தணி வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஏரி வந்ததும் எட்டிப் பார்த்தேன். நாலு மாடிச் சுவர் முழுக்க ஜன்னல்கள்! ஒன்று பெரிது, ஒன்று கோணல், ஒன்றில் பழைய கதவையே பொருத்தியிருந்தார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

சரோஜாவுக்கு என்னை நினைவிருந்தது. அவருடைய அக்கா புருஷன் கொத்தனார். தூண்களைத் தொடாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக உடைத்துக்கொண்டு வருகிறாராம்.

"முதலாளி வந்து கத்துனாரு," என்று சிரித்தார் சரோஜா. "எங்க பாவா கடப்பாரைய கீழ வைக்காமயே, 'இன்னா சார் வோணும்?'னு கேட்டாரு. பேசாம போயிட்டாரு."

கீழ்த்தளத்தில் ஒரே ஒரு வீடு பாக்கி. அங்கே தனியாக இருந்த அம்மாவை, சமைக்க உட்காரும் இடத்தில் உட்காரச் சொன்னேன். அவர் கண்மட்டம் பார்த்து, கரித்துண்டால் சுவரில் ஒரு ஜன்னல் வரைந்தேன். கொத்தனார் அளந்து பார்த்துத் தலையாட்டினார். கல்யாணச் சாப்பாடு எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று சொல்கிறவர்களிடம் எனக்கு இன்றும் கோபம் வரும். காற்றும் வெளிச்சமும் கடப்பாரையால் வாங்க வேண்டிய பொருளா?

போகிறவர்களுக்கு: திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைத் தவிர்க்க நினைத்தால் புரட்டாசியில் போங்கள். எந்த ஊரிலானாலும், தண்ணீர் ஓரத்தில் அடுக்குமாடி வீடு பார்க்கப் போனால், விற்கிறவர் காட்டும் பால்கனியோடு திரும்பிவிடாதீர்கள். சுற்றி நடந்து போய், எந்தச் சுவர் மொட்டையாக இருக்கிறது, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.